மை ஏற்றிய ரிப்பன் ஏன் மங்குகிறது, ஏன் சிக்குகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஹெட்டின் ஊசிகள் மை தோய்ந்த ரிப்பனை அடித்துத் தாளில் எழுத்தைப் பதிக்கின்றன. அந்த ரிப்பனைச் சுற்றவிட்டு மை உருளையில் படியவைக்கும் இயந்திரத்தில் அதற்கு மீண்டும் மை ஏற்றுகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அச்சு மங்கினால் மைப் புட்டியைத் திறக்கிறார்கள். அப்படியும் மங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். கடைசியில் பெட்டியெல்லாம் மை வழிகிறது, பிரிண்ட் ஹெட்டின் ஊசிகளில் பிசுக்கேறுகிறது, எழுத்து மட்டும் தெளியவே இல்லை. மை ஏற்றியும் சரியில்லை என்று என் மேசைக்கு வரும் கார்ட்ரிட்ஜுகளில், அதாவது ரிப்பனை அடக்கிய பெட்டிகளில், உண்மையிலேயே மை போதாதவை மிகக் குறைவு. ரிப்பன் ஒழுங்காக ஓடியிருக்காது, அல்லது மை ஒரு விளிம்பில் மட்டும் ஏறியிருக்கும், அல்லது ஊற்றியதே பொருந்தாத மையாக இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும், மை சேர்ப்பது முதல் படியாக வராது.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டாமல் பாருங்கள். ரிப்பன் மலிவு, பிரிண்ட் ஹெட் மலிவல்ல. சந்தேகம் வந்தால் ரிப்பனை விட்டுக்கொடுங்கள், ஹெட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

## இயந்திரத்தில் மாட்டும் முன்

இந்த ரிப்பனுக்கு மை ஏற்றலாமா என்பதே முதல் கேள்வி. வெளியே தெரியும் பகுதியை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். நைலான் துணியாக இருந்தால் நெசவு தெரியும், மை விரலில் ஒட்டும். பளபளப்பான பிளாஸ்டிக் படலமாக இருந்தால் அது ஒருமுறை அடித்ததும் கரி உதிர்ந்துவிடும் வகை. அதற்கு எந்த மையும் ஏறாது. வெப்பத்தால் அச்சிடும் பிரிண்டர்களின் ரிப்பனும் அப்படியே. காசோலைகளின் அடியில் காந்த எழுத்து அடிக்கும் ரிப்பன் துணியாகவே இருந்தாலும் தொடாதீர்கள். சாதாரண மையில் காந்தத் தன்மை இல்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் எழுத்தை இயந்திரம் படிக்காது.

பில் அடிக்கும் சிறு பிரிண்டர்களில் கறுப்பும் சிவப்பும் மேல் கீழாக இருக்கும் ரிப்பன் வரும். உருளை வைத்த இயந்திரத்தில் அதை ஓட்டினால் சிவப்புப் பகுதி கறுத்துவிடும். சிவப்பு எழுத்து இனி வேண்டாம் என்றால் மட்டும் ஏற்றலாம்.

அடுத்தது துணியின் நிலை. கார்ட்ரிட்ஜின் மேலுள்ள குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் கையால் திருப்பி, ரிப்பனின் முழுச் சுற்றையும் வெளிச்சத்தில் ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் பிசிறு, நடுவில் ஊசி குத்திய ஓட்டை, வெளிச்சம் புகும் அளவுக்கு இற்றுப்போன பகுதி, பிரிந்த ஒட்டு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அந்த ரிப்பனின் காலம் முடிந்துவிட்டது. துணியின் இரு முனைகளையும் சாய்வாகப் பற்றவைத்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். ஒரு முழுச் சுற்று முடிந்ததா என்பதை அறிய அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

மையைப் பற்றி ஒன்றே ஒன்று. டாட் மேட்ரிக்ஸ் ரிப்பனுக்கு என்று விற்கப்படும், எண்ணெய் அடிப்படையிலான, காற்றில் உலராத மை மட்டுமே வேண்டும். ஊசிகளுக்கு வழுக்கு எண்ணெயும் அதே மைதான். இங்க்ஜெட் மை, பேனா மை, ரப்பர் முத்திரைக்கான மை எதுவும் இதற்கு ஆகாது. நீர் கலந்த மை ஊசித் துளைகளில் காய்ந்து இறுகும். பருமனான துகள் உள்ள மை ஊசியைத் தேய்க்கும்.

## அறிகுறி 1: இயந்திரத்தின் மோட்டார் சுற்றுகிறது, ரிப்பன் நகரவில்லை

முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். குமிழைக் கையால் திருப்புங்கள்.

கையால் திருப்பினால் ரிப்பன் எளிதாக ஓடுகிறது என்றால் கோளாறு கார்ட்ரிட்ஜில் இல்லை, மாட்டிய விதத்தில் இருக்கிறது. மோட்டார் தண்டுக்கும் குமிழுக்கும் இடையே வரும் அடாப்டர் அந்த மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள். குமிழின் உட்குழி சில மாடல்களில் வரிப்பல்லாக, சிலவற்றில் சதுரமாக, சிலவற்றில் வெறும் வெட்டாக இருக்கும். ஏறக்குறைய பொருந்தும் அடாப்டர் சில சுற்று ஓடும், பிறகு வழுக்கும். வழுக்க வழுக்க குமிழின் உட்புறப் பல் மழுங்கிப்போகும். அடாப்டர் சரியாக இருந்தால், கார்ட்ரிட்ஜ் தளத்தில் சமமாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை தூக்கி நின்றாலும் தண்டு முழுதாக உள்ளே இறங்காது.

அதோடு திசையையும் சரிபாருங்கள். மோட்டார் அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் துணி அதை இழுக்கும் பல்லுருளைகளுக்கு நடுவே சுருண்டு கொள்ளும். அதன் பிறகு பெட்டியைத் திறக்காமல் மீட்க முடியாது.

கையால் திருப்பினாலும் இறுக்கமாக இருக்கிறது என்றால் வெளியேறும் முனையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய தகடோ ஸ்பிரிங்கோ துணியை அழுத்திப் பிடித்து விறைப்பைக் கொடுக்கும். காய்ந்த மையும் தூசியும் அங்கேதான் முதலில் கட்டிக்கொள்ளும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பிறகும் இறுக்கம் குறையவில்லையென்றால் உள்ளே மடிந்து கிடக்கும் துணி ஓரிடத்தில் முறுக்கிக் கட்டியாகியிருக்கிறது.

பெட்டியைத் திறப்பது என்று முடிவெடுத்தால் மூடியின் கொக்கிகளைச் சிறிய தட்டை ஸ்குருடிரைவரால் ஒன்றொன்றாக நெகிழ்த்துங்கள். மூடியை மேலே தூக்கும்போது கார்ட்ரிட்ஜ் மேசையில் படுத்தே இருக்கட்டும். நிமிர்த்தினால் மடிப்பு மடிப்பாக அடைந்திருக்கும் துணி முழுதும் வெளியே சரிந்துவிடும். அதைத் திரும்ப உள்ளே வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அப்படிச் சரிந்துவிட்டால் கையால் அடுக்க முயலாதீர்கள். முறுக்கில்லாமல் பல்லுருளைகளுக்கு இடையே துணியைக் கொடுத்து, மூடியைப் போட்டு, குமிழைத் திருப்புங்கள். உருளையே இழுத்துத் தனக்கு வேண்டியபடி மடித்துக்கொள்ளும்.

பல்லுருளையில் பல் உடைந்திருந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜை ஒதுக்குங்கள். எல்லாக் கார்ட்ரிட்ஜுகளும் சுற்றுகின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகும், பாரம் ஏற்றினால் மோட்டார் நின்றுவிடுகிறது, சூடேறுகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் இயந்திரத்தை மின்சாதனம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: ரிப்பன் நகர்கிறது, மை ஏறவில்லை

தொட்டியில் மை அப்படியே நிற்கும், துணி காய்ந்தே சுற்றும். இங்கே பார்க்க வேண்டியவை நான்கு.

துணி மை உருளையை அல்லது திரியைத் தொடுகிறதா? பக்கவாட்டில் குனிந்து கண் மட்டத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வழிகாட்டிக் கம்பியை நகர்த்தித் துணி லேசாகப் படியும்படி செய்யுங்கள். அழுந்த வேண்டியதில்லை, படிந்தால் போதும். அழுத்தினால் துணி நகர்வது தடைப்பட்டு முதல் அறிகுறிக்கே திரும்புவீர்கள்.

தொட்டியின் மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா, அது மையால் அடைபட்டிருக்கிறதா? காற்று புகாத தொட்டியிலிருந்து மை இறங்காது. ஒரு குண்டூசி போதும். நான் பார்த்த இயந்திரங்களில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது, அடிக்கடி தவறவிடப்படுகிறது. மூடியைத் திருகிவிட்டால் துளை கண்ணில் படாது என்பதே காரணம்.

மை கெட்டியாகிவிட்டதா? குளிரான அறையில் எண்ணெய் மை தடித்துப்போகும். புட்டியை மூடியபடியே வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு ஊற்றிப் பாருங்கள். இளக்குவதற்காக மண்ணெண்ணெயோ தின்னரோ கலக்காதீர்கள். மை இளகத்தான் செய்யும். ஆனால் அந்தக் கரைப்பான் கார்ட்ரிட்ஜின் பிளாஸ்டிக்கையும் இயந்திரத்தின் ரப்பர் உருளையையும் சேர்த்தே கெடுக்கும்.

கடைசியாகத் திரி அல்லது ஃபெல்ட், அதாவது மையை உறிஞ்சித் துணிக்குக் கொடுக்கும் தடித்த பட்டை. பல நாள் சும்மா இருந்த இயந்திரத்தில் ஃபெல்ட்டின் மேற்பரப்பு இறுகி வழவழப்பாகிவிடும். விரலால் தேய்த்துப் பாருங்கள். மை கசியவில்லையென்றால் அது செத்துவிட்டது. மேல் தோலை மெல்லிய மணல் காகிதத்தால் உரசிப் பார்க்கலாம், சில நேரம் பிழைக்கும். உரசினால் எழும் துகளை ஒன்றுவிடாமல் துடைத்த பிறகே ரிப்பனை மாட்ட வேண்டும். அப்படியும் கசியாவிட்டால் புதிய ஃபெல்ட் வாங்குவதே முறை.

## அறிகுறி 3: மை ஏறியிருக்கிறது, ஆனாலும் அச்சு மங்கல்

மங்கல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தாளைக் கையில் எடுத்து எப்படி மங்கியிருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கும். பிரிண்டரின் சுய சோதனையை ஓட்டி ஒரு பக்கம் எடுங்கள். எப்சனின் பல மாடல்களில் எல்எஃப்/எஃப்எஃப் (LF/FF) என்று எழுதிய, தாளை நகர்த்தும் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரத்தைக் கொடுத்தால் சோதனை அச்சு வரும். கணினியிலிருந்து அனுப்பிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. மென்பொருளின் தலையீடு இதில் இல்லை.

### 3-அ: பக்கம் முழுவதும் ஒரே சீராக மங்கல்

தாளின் தடிமனுக்கான நெம்புகோலை முதலில் பாருங்கள். ஹெட்டுக்கும் தாளைத் தாங்கும் உருளைக்கும் உள்ள இடைவெளியை அது மாற்றுகிறது. பல பிரதித் தாளுக்காக யாரோ அதை மேலே தள்ளியிருப்பார்கள். ஒற்றைத் தாள் போடும்போது திரும்ப இறக்கியிருக்க மாட்டார்கள். ஊசிகள் தாளை எட்டும்போதே பலம் குறைந்துவிடும். ரிப்பன் புதிதாக இருந்தாலும் இதே மங்கல்தான் வரும். இதைத் திருத்த ஒரு நொடி போதும்.

நெம்புகோல் சரியென்றால் பொறுத்திருந்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரத்திலிருந்து கழற்றியவுடன் பிரிண்டரில் மாட்டினால் மை நூலின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும். துணிக்குள் ஊறிப் பரவ ஒரு முழு நாள் கொடுங்கள். கார்ட்ரிட்ஜை ஒரு பையில் போட்டு மூடி, படுக்கவைத்து, பாதி நேரம் கழித்துப் புரட்டி வையுங்கள். உள்ளே துணி மடிப்பு மடிப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால், மை அதிகமாக உள்ள மடிப்பு பக்கத்து மடிப்புக்கு ஊட்டிவிடும். இயந்திரம் செய்யாத பாதி வேலையை இந்தக் காத்திருப்பு செய்கிறது. இதைத் தவிர்க்க நினைப்பவர்கள்தான் மறுபடி மறுபடி மை ஊற்றுகிறார்கள்.

இரண்டும் சரியாக இருந்தால்தான் மை போதவில்லையோ என்று நினைக்க வேண்டும். சாதாரண 13 மில்லிமீட்டர் அகல ரிப்பனுக்கு நான் 2 மில்லிலிட்டரில் தொடங்குவேன். ஒரு நாள் ஊறவைத்து, அச்செடுத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும் இன்னும் 1 மில்லிலிட்டர். பில் பிரிண்டர் ரிப்பனுக்கு இதில் ஒரு சிறு பங்கே போதும். அளவுக் கோடு போட்ட ஊசிக்குழல் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் அளந்து ஊற்றுவதை விட்டாலே பாதித் தொல்லை குறையும்.

அதற்குப் பிறகும் மங்கல் என்றால் துணியின் ஆயுளைக் கணக்கிடுங்கள். எல்எக்ஸ்-350 பிரிண்டரின் ரிப்பன் 40 லட்சம் எழுத்துகள் வரை தாங்கும் என்று எப்சன் குறிப்பிடுகிறது. அது மைக்குச் சொன்ன கணக்கு. மை தீர்ந்ததும் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் நூலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஊசி அடித்து அடித்து நூல் தட்டையாகிவிட்டால் அது மையைப் பிடித்துவைக்காது.

எல்லாம் சரியாக இருந்தும், புதிய ரிப்பன் போட்டும் மங்கலாகவே இருந்தால் கோளாறு ரிப்பனில் இல்லை. ஹெட்டின் ஊசிகள் தேய்ந்திருக்கலாம், ஹெட்டுக்குப் போகும் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். அங்கே தொழில்நுட்பரை அழையுங்கள்.

### 3-ஆ: எழுத்தின் மேல்பாதி அல்லது கீழ்பாதி மட்டும் மங்கல்

இது மை ஏற்றும் இயந்திரத்தால் வரும் கோளாறு. துணி உருளையின் மீது உயரமாகவோ தாழ்வாகவோ ஓடியிருக்கிறது. ஒரு விளிம்பு நனைந்து மறு விளிம்பு காய்ந்திருக்கிறது. ரிப்பனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு நிறங்கள் தெளிவாகத் தெரியும். கார்ட்ரிட்ஜ் அமரும் தளத்தின் உயரத்தை, அல்லது உருளையின் உயரத்தை மாற்றி, துணியின் முழு அகலமும் மையில் படும்படி செய்யுங்கள். உயரத்தை மாற்ற முடியாத இயந்திரத்தில் கார்ட்ரிட்ஜின் அடியில் மெல்லிய அட்டையை மடித்து வைக்கலாம்.

சில கார்ட்ரிட்ஜுகளில் துணி அரைத் திருகலாக ஒட்டப்பட்டிருக்கும். முதல் சுற்றில் மேலே இருந்த விளிம்பு அடுத்த சுற்றில் கீழே வரும். இரண்டு விளிம்புகளும் சமமாகத் தேயட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்த வகையில் உயரம் தவறினால் மேல்பாதி மங்கல் சிறிது நேரம், கீழ்பாதி மங்கல் சிறிது நேரம் என்று மாறி மாறி வரும். இதைப் பார்த்துப் பிரிண்டரைச் சந்தேகிக்க வேண்டாம். இப்படிப்பட்ட ரிப்பனை எப்போதும் முழுச் சுற்றுகளாக, இரட்டை எண்ணிக்கையில் ஓட்டுங்கள்.

முன்பே ஏறிய மை சமமாக இல்லாவிட்டால், புதிதாக மை ஊற்றாமல், உயரத்தைத் திருத்திய பிறகு உருளையை ஓரளவு உலர்ந்த நிலையில் வைத்து வெறுமனே நான்கைந்து சுற்று ஓட்டுங்கள். நனைந்த விளிம்பிலிருந்து உருளை மையை எடுத்துக் காய்ந்த விளிம்புக்குக் கொண்டுபோகும்.

ரிப்பனில் சமமாக மை இருந்தும் தாளில் பாதி எழுத்து மங்குகிறது என்றால் பிரிண்டருக்குள் பாருங்கள். ஹெட்டின் முன்னால் துணியைத் தாங்கும் மெல்லிய வழிகாட்டி நழுவியிருக்கும், அல்லது கார்ட்ரிட்ஜின் ஒரு பக்கக் கொக்கி சரியாக விழுந்திருக்காது. 'டக்' என்ற ஒலி இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

### 3-இ: சில வரிகள் கறுப்பு, சில வரிகள் வெளிர்

அச்சு நன்றாக வருகிறது, படிப்படியாக வெளிறுகிறது, மறுபடி கறுக்கிறது. இது மை ஏற்றும்போது ரிப்பன் சீராக ஓடவில்லை என்பதற்கான அடையாளம்.

முழுச் சுற்று முடியும் முன்பே நிறுத்தியிருக்கலாம். ஒட்டு திரும்பி வரும்வரை ஓட்டியிருந்தால் இது வராது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் துணியை உருளை மேலேயே விட்டுவைத்திருக்கலாம்; அந்த ஓரிடம் மட்டும் மையைக் குடித்துக் கருத்திருக்கும். மையைத் தொடக்கத்திலேயே மொத்தமாக ஊற்றியிருக்கலாம். முதல் பகுதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், பின்னால் வரும் பகுதிக்கு ஒன்றும் மிஞ்சாது. மையைச் சொட்டுச் சொட்டாக, பல சுற்றுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே இதற்கு மருந்து. வேகமாகச் சுற்றும் இயந்திரத்தில் அதிகச் சுற்றுகள், மெதுவாகச் சுற்றுவதில் குறைந்த சுற்றுகள்.

ஏற்கெனவே பட்டை பட்டையாகிவிட்ட ரிப்பனுக்கு மை சேர்க்காமல் பத்துச் சுற்று வெறுமனே ஓட்டி, ஒரு நாள் படுக்கவைத்தால் பெரும்பாலும் சமமாகிவிடும். கறுப்பும் வெளிறலும் மிகக் குறுகிய, ஒரே சீரான இடைவெளியில் வந்தால் உருளையில் ஓரிடம் தட்டையாகியிருக்கிறது. உருளையை மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு வகை: அச்சு ஓரிரண்டு வரி நன்றாக வந்து, பிறகு மறைந்தே போகிறது, ரிப்பனைக் கையால் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி வருகிறது. இது மையின் குற்றமல்ல. பிரிண்டருக்குள் ரிப்பன் நகரவில்லை, ஒரே இடத்தில் அடி விழுகிறது. அறிகுறி 6-க்குப் போங்கள், உடனே போங்கள். ஒரே இடத்தில் அடி வாங்கும் துணி சீக்கிரம் ஓட்டையாகும், ஓட்டையில் ஊசி மாட்டும்.

### 3-ஈ: முதல் நாள் கறுப்பு, சில நாளில் மங்கல்

மையில் எளிதில் ஆவியாகும் ஏதோ ஒன்று இருக்கிறது. காய்ந்த ரிப்பன் மீது மெல்லிய எண்ணெய் தெளிப்பவர்கள் இதைத்தான் அனுபவிக்கிறார்கள். மிச்சமிருந்த மை கரைந்து ஒருமுறை மேலே வருகிறது, பிறகு ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு அது உதவலாம், ஆனால் அதை மை ஏற்றுதல் என்று சொல்ல முடியாது. அந்த ரிப்பனுக்கு மேல் நல்ல மையை ஏற்றினாலும் எண்ணெய் அதை நீர்த்துப்போகச் செய்யும். புதிய ரிப்பனிலிருந்து தொடங்குவதே நல்லது.

## அறிகுறி 4: எழுத்தின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு

வரியின் நீளம் முழுவதும், ஒரே உயரத்தில், ஒவ்வோர் எழுத்தையும் அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு போகிறது என்றால் ஒரு ஊசி அடிக்கவில்லை. எவ்வளவு மை ஏற்றினாலும் இந்தக் கோடு போகாது. வேக அச்சு (டிராஃப்ட்) முறையில் சோதியுங்கள். 9 ஊசி ஹெட்டில் தர அச்சு முறை ஒரே வரியை இரண்டு தடவை, சற்றே நகர்த்தி அடிக்கும். பக்கத்துப் புள்ளிகள் குறையை ஓரளவு மறைத்துவிடும். வேக முறையில் குறை ஒளிந்துகொள்ளாது.

காய்ந்த மையால் ஊசி ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களே பார்க்கலாம். பிரிண்டரை நிறுத்துங்கள். ஹெட் ஆறும்வரை காத்திருங்கள். வேலை செய்த ஹெட் கையைச் சுடும். ரிப்பனைக் கழற்றி, ஹெட்டின் முகப்பை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, உலரவிட்டு, நல்ல ரிப்பனைப் போட்டு ஒரு பக்கம் அச்சிடுங்கள். கோடு மெலிந்தால் ஒட்டல் விடுபடுகிறது. இன்னொரு முறை செய்யலாம். ஹெட்டுக்குள் கரைப்பானை ஊற்றாதீர்கள், ஊசியைக் குறடால் இழுக்காதீர்கள்.

கோடு அப்படியே இருந்தால் ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கம்பி இருபுறமும் நன்றாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் ஊசி முறிந்திருக்கலாம், ஊசியின் சுருள் எரிந்திருக்கலாம், பிரிண்டரின் மின்சுற்றுப் பலகையில் உள்ள டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். மூன்றும் தொழில்நுட்பரின் வேலை. ஹெட்டை மட்டும் மாற்றச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். சுருள் ஒன்று குறுக்குச் சுற்றாகியிருந்தால் அது பலகையையும் எரித்திருக்கும். எரிந்த பலகை புதிய ஹெட்டையும் எரிக்கும். இரண்டையும் அளந்து பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

வெள்ளைக் கோட்டோடு ரிப்பனில் கிழிசலும் இருந்தால் ஊசி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் இனி எந்த ரிப்பனையும் ஓட்டாதீர்கள்.

## அறிகுறி 5: தாளில் கறை, எழுத்தைச் சுற்றி அழுக்கு

எழுத்தின் குழிகள் அடைபட்டு, வரிக்கு மேலும் கீழும் சாம்பல் நிற இழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் மை மிகுதி. உறுதி செய்ய ஒரு வழி: வெளியே தெரியும் ரிப்பனில் டிஷ்யூ தாளை ஒருமுறை லேசாக ஒற்றி எடுங்கள். நெசவின் தடம் சாம்பலாகப் பதிந்தால் அளவு சரி. ஈரமான கறுப்புத் திட்டாகப் பதிந்தால் மிகுதி.

மிகுதியை எடுக்க, இயந்திரத்தில் மை உருளைக்குப் பதிலாக நான்காக மடித்த டிஷ்யூவை வைத்து, துணி அதன் மேல் உரசிப் போகும்படி ஓட்டுங்கள். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். பிறகு ஒரு நாள் ஓய்வு. பிரிண்டரில் போட்டு அச்சிட்டே தீர்த்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். மிகுதியான மை ஹெட்டின் முகப்பில் சேர்ந்து, தாள் தூசியோடு கலந்து பசையாகும்.

மை அளவு சரியாக இருந்தும் கறை வந்தால் மூன்றைப் பாருங்கள். ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய மறைப்புத் தகடு அல்லது படலம் கழன்றிருக்கிறதா. தடிமன் நெம்புகோல் மிகவும் இறக்கமாக இருந்து துணி தாளை உரசுகிறதா. ரிப்பன் தளர்ந்து தொங்குகிறதா. தளர்வுக்குக் குமிழை அம்புக்குறித் திசையில் இரண்டு சுற்றுத் திருப்பினால் போதும்.

## அறிகுறி 6: பிரிண்டருக்குள் ரிப்பன் சிக்குகிறது அல்லது நகரவில்லை

பிரிண்டரை நிறுத்திவிட்டு, ரிப்பனைக் கழற்றிவிட்டு, ஹெட்டைக் கையால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். கார்ட்ரிட்ஜின் குமிழை இயக்கும் சிறு தண்டு சுற்றுகிறதா? பெரும்பாலான மாடல்களில் ஹெட்டின் ஓட்டமே பற்சக்கரங்கள் வழியாக இந்தத் தண்டைத் திருப்புகிறது.

தண்டு சுற்றவில்லை என்றால் பிரிண்டரின் பற்சக்கரத்தில் பழுது. உள்ளே விழுந்த காகிதத் துண்டோ ஸ்டேப்ளர் கம்பியோ கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். தெரியவில்லையென்றால் பிரித்துப் பார்ப்பதைத் தொழில்நுட்பரிடம் விடுங்கள். அந்தச் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வரிசை மாறினால் ரிப்பன் எதிர்த்திசையில் ஓடும்.

தண்டு சுற்றுகிறது, ரிப்பன் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால் கார்ட்ரிட்ஜ் இறுகியிருக்கிறது. மை மிகுந்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெளியேறும் முனையில் இரண்டு மூன்று மடிப்பாகச் சேர்ந்து வரும். டிஷ்யூ முறையில் மிகுதியை எடுங்கள். மிகுதி இல்லையென்றால் முனையின் ஸ்பிரிங்கையும் பல்லுருளைகளையும் பாருங்கள். பல்லுருளைகளுக்கு இடையே மை பிசுக்கேறினால் அவை துணியைப் பிடிக்காமல் வழுக்கும், துடைத்தால் சரியாகும். பல் மழுங்கியிருந்தால் சரியாகாது.

பிசிறு விட்ட விளிம்பைக் கத்தரித்துவிட்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. கத்தரித்த இடத்திலிருந்து புதிய நூல் பிரியும். அந்த நூல் ஊசியில் சுற்றும்.

## அறிகுறி 7: மை ஏற்றும் இயந்திரத்தின் அடியில் மை ஒழுகுகிறது

தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் குறையுங்கள். தளம் சாய்ந்திருந்தால் சமன் செய்யுங்கள். தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியில் மையை விட்டுவைக்காமல் புட்டிக்குத் திருப்பி ஊற்றிவிட்டால் இந்த அறிகுறி பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. மோட்டார் பக்கம் மை இறங்கிவிட்டால் மின்சாரம் கொடுக்காதீர்கள். திறந்து துடைத்து உலர்ந்த பிறகே ஓட்ட வேண்டும்.

## தொழில்நுட்பரை அழைக்கும்போது

பிரிண்டர் பழுது என்று மட்டும் சொன்னால் அவர் ரிப்பனிலிருந்துதான் தொடங்குவார். நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட வேலைக்கு மறுபடி கூலி கொடுப்பீர்கள். மை ஏற்றிய ரிப்பனில் ஒன்று, மை ஏற்றாத புதிய ரிப்பனில் ஒன்று என இரண்டு சுய சோதனை அச்சுகளை வேக முறையில் எடுத்து, எது எதனுடையது என்று தாளிலேயே எழுதி வையுங்கள். இரண்டிலும் ஒரே குறை இருந்தால் அவர் நேராக ஹெட்டுக்கும் பலகைக்கும் போவார். மை ஏற்றிய ரிப்பனின் தாளில் மட்டும் குறை இருந்தால் அவரை அழைக்கவே தேவையில்லை. தடிமன் நெம்புகோல் எந்த எண்ணில் இருந்தது, எந்த வகை மை ஊற்றினீர்கள் என்பதையும் தாளின் மூலையில் குறியுங்கள். பொருந்தாத மை ஊற்றியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹெட்டை எந்தக் கரைப்பானால் கழுவுவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.